இரண்டு டவுன் பஸ், மூன்று உச்சி

லண்டனிலும் சிங்கப்பூரிலும் மாடி திறந்த பஸ் ஒன்று ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு டிக்கெட் எடுத்தால் போதும். பிடித்த இடத்தில் இறங்கலாம், பார்த்து முடித்ததும் அடுத்து வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். நம் ஊரில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே இப்படி ஏறி இறங்கும் பஸ்ஸை ஓட்டிப் பார்த்தது. கடற்கரை ஊர்களுக்கு அது பொருந்தும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊர், நடுவே நேர்ச்சாலை என்று வழி தானாகவே அமைந்துவிடுகிறது.

திருச்சியில் கடல் இல்லை. காவிரி இருக்கிறது, கொள்ளிடம் இருக்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவில் தீவாக ஸ்ரீரங்கம் இருக்கிறது. ஏறி இறங்கும் பஸ்ஸும் இருக்கிறது. அதற்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கிற ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸைத்தான் சொல்கிறேன். பாலக்கரை, காந்தி மார்க்கெட், மெயின்கார்டு கேட், சத்திரம் பஸ் ஸ்டாண்ட், காவிரிப் பாலம், திருவானைக்கோவில், ஸ்ரீரங்கம் என்று, சுற்றுலாக் கையேடு எழுதியவர் உட்கார்ந்து போட்டது மாதிரி ஒரு வழித்தடம். முதுகில் மூட்டையோடு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குக்கூட இந்த நம்பர் தெரியும். வாடகைக் கார் பிடித்து வரும் உள்நாட்டுக்காரர்களுக்குத்தான் தெரிவதில்லை.

ஆனால் ஒன்றாம் நம்பர் பாதித் திருச்சியைத்தான் காட்டும். மீதிப் பாதி கிழக்கே, தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிறது. அதற்குத் துவாக்குடி பஸ் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு நாளை ஓட்டுவது எப்படி என்பதற்கு என்னிடம் ஒரு சூத்திரம் உண்டு: தாழ்ந்த உச்சியில் தொடங்குங்கள். அங்கிருந்து அடுத்த உச்சி தெரியும். பஸ் பிடித்து அதற்குப் போங்கள். அங்கே ஏறினால் மூன்றாவது தெரியும்.

தாழ்ந்த உச்சி திருவெறும்பூர். நகரத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில், பஸ் போகிற ரோட்டை ஒட்டியே, சுமார் அறுபது அடி உயரமுள்ள ஒரு குன்று. அதன் மேல் எறும்பீஸ்வரர் கோயில். இவ்வழியாகத் தஞ்சாவூர் போகிறவர்களில் பெரும்பாலானோர் பஸ் ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலை ஆறரை, ஏழுக்கு அங்கே இறங்கி ஏறுங்கள். கல் சுடாது, கூட்டமும் இருக்காது. தாரகாசுரனுக்குப் பயந்த தேவர்கள் எறும்பு உருவில் வந்து பூசித்தார்களாம். லிங்கத்தின் மேல் எண்ணெய்ப் பசை வழுக்கியதால் எறும்புகளால் ஏற முடியவில்லை. அவர்களுக்காக ஈசன் புற்றாக மாறி, சற்றே சாய்ந்தும் கொடுத்தார் என்பது தலபுராணம். மூலவரைப் பார்க்கும்போது இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரவென்று, ஒழுங்கில்லாமல், ஒருபுறம் சாய்ந்த அந்த மண் திருமேனி வேறு மாதிரி தெரியும். பளபளக்கும் கருங்கல் லிங்கங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிது. அம்மன் பெயர் நறுங்குழல் நாயகி. அப்பர் பாடிய தலம். கட்டடம் சோழர் காலத்தது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்கள் நடந்தபோது சிப்பாய்கள் இந்தக் குன்றைக் கோட்டையாகப் பயன்படுத்தினார்கள். ஏன் என்று மேலே நின்றால் புரியும். சுற்றிலும் சமவெளி. யார் வந்தாலும் தெரிந்துவிடும்.

இப்போது தெரிவது வேறு. ஒரு பக்கம் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரமான கட்டடங்களும் புகைபோக்கிகளும். ஊரில் எல்லோரும் 'பெல்' என்றுதான் சொல்வார்கள். 1965 முதல் அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன்கள் இங்கே தயாராகின்றன. மறுபக்கம் வயல். மேற்கே, வானம் தெளிவாக இருந்தால், வீடுகளுக்கு மேலே தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் மலைக்கோட்டை. இரண்டாவது உச்சி அதுதான். நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள்.

துவாக்குடியிலிருந்து சத்திரம் போகும் பஸ் அடிக்கடி வரும். அரசு பஸ்ஸா, தனியார் பஸ்ஸா என்பது இங்கே ஒரு முக்கியக் கேள்வி. தனியார் பஸ்ஸில் பாட்டு உண்டு, வேகம் உண்டு, முன்னால் போகும் பஸ்ஸை முந்தியே தீருவது என்ற வைராக்கியமும் உண்டு. ஊர் பார்க்கிறவருக்கு அரசு பஸ்தான் சரி. மெதுவாகப் போகும், எல்லா ஸ்டாப்பிங்கிலும் நிற்கும். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஒரு பெண் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். லண்டன்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு தருகிற வசதி இது. ஆண்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் சில்லறை தேட வேண்டும். நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் உங்களை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்வார்.

இந்த வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கோயில் இல்லை, கோட்டை இல்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள்தான் இருக்கிறார்கள். திருவெறும்பூரில் ஷிஃப்ட் முடித்தவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஏறுவார்கள். காட்டூர் தாண்டினால் ஸ்கூல் பை. அரியமங்கலத்தில், நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட கிடங்கைக் கடக்கும்போது எல்லோர் கையும் மூக்குக்குப் போகும். எந்தச் சுற்றுலா பஸ்ஸும் உங்களை இந்த வழியாகக் கூட்டிப்போகாது. ஆனால் ஒரு ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் குப்பை எங்கே போகிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். பால்பண்ணைப் பக்கம் வந்ததும் வெங்காய வாசனை. காந்தி மார்க்கெட் வந்தால் பூக்கூடை, கீரைக்கட்டு, வாழையிலைக் கட்டு எல்லாம் படிக்கட்டில் ஏறும். 'லக்கேஜுக்கு யாரு டிக்கெட் வாங்குறது?' என்று கண்டக்டர் கேட்பதும், 'போன வாரம் கேக்கலையே தம்பி' என்று கூடைக்காரம்மா சொல்வதும் தினசரி நடக்கிற நாடகம். நடுவே உய்யக்கொண்டான் வாய்க்காலைக் கவனியுங்கள். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் இந்தச் சோழர் கால வாய்க்கால், நகரத்தின் நடுவே பாலக்கரையைத் தாண்டிப் போய், துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. நீங்கள் பஸ்ஸில் வந்த திசைக்கு எதிராக அது பல நூற்றாண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறது. நகருக்குள் அதன் நிறத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

மெயின்கார்டு கேட்டில் இறங்குங்கள். பழைய கோட்டையில் மிஞ்சி நிற்கிற வாசல் அது. எதிரே தெப்பக்குளம், லூர்து மாதா கோயிலின் கூர்ங்கோபுரம், பின்னால் மலை. படிகள் நானூற்றுக்கு மேல். பெரும்பாலும் மூடிய மண்டபத்துக்குள்ளேயே ஏறுவதால் வெயில் தெரியாது, மூச்சுதான் வாங்கும். எல்லோரும் தாயுமானவரைப் பார்த்துவிட்டு உச்சிப் பிள்ளையாரை நோக்கி ஓடுவார்கள். வழியில் இருக்கிற பல்லவர் குடைவரையில் நிற்பவர்கள் மிகக் குறைவு. திருச்சியில் ஒரே ஒரு சிற்பத்துக்குத்தான் நேரம் என்றால் அதை இங்கே செலவிடுங்கள்.

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குர பல்லவேஸ்வர கிருகம் அது. மேற்குச் சுவர் முழுக்கக் கங்காதரர். ஒரு கையால் சடையின் ஒரு புரியைப் பிடித்து நீட்டுகிறார். மேலே ஓரத்தில், கை கூப்பியபடி, சின்னப் பெண் உருவமாகக் கங்கை இறங்கி வருகிறாள். ஒரு காலைக் கீழே இருக்கிற பூதகணம் தாங்குகிறது. அந்தக் கணத்தின் முகத்தைப் பாருங்கள், சிரமப்படுகிற மாதிரி தெரியாது. பக்கத்துத் தூண்களில் வடமொழிக் கல்வெட்டு. அதன் செய்தி அழகானது. ஆறுகள் என்றால் ஆசைப்படுகிறவர் சிவன். எங்கே காவிரியையும் விரும்பிவிடுவாரோ என்று பயந்து, மலைமகள் தகப்பன் வீட்டை விட்டு இந்த மலைக்கே வந்து தங்கிவிட்டாளாம், அந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டு! சிற்பத்தில் இருப்பது கங்கை, கல்வெட்டில் இருப்பது காவிரி. குடைவரையை விட்டு வெளியே வந்து நான்கு படி ஏறினால் அதே காவிரி கீழே கிடக்கும். கதவு பூட்டியிருந்தால் கம்பி வழியாகப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிஷம் கொடுங்கள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். வடக்கே காவிரி, அதற்கு அப்பால் தென்னந்தோப்புகளுக்கு மேலே எழுந்து நிற்கும் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். மூன்றாவது உச்சி கிடைத்துவிட்டது. கிழக்கே திரும்பிக் காலையில் நின்ற குன்றையும் தேடிப் பாருங்கள். தெரிந்தால் அதிர்ஷ்டம்.

பதினொன்றரைக்குள் இறங்கிச் சத்திரத்தில் ஒன்றாம் நம்பரைப் பிடியுங்கள். அவசரத்துக்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். இப்போது வருவது காவிரிப் பாலம், 1976இல் கட்டியது. போகும்போது மலைக்கோட்டை உங்கள் வலப்பக்கம் பின்னால் நழுவும், கழுத்தைத் திருப்பினால்தான் கிடைக்கும். திரும்பி வரும்போதுதான் அது இடப்பக்க ஜன்னலில் முன்னாலிருந்து வளர்ந்து வரும். நம் டவுன் பஸ்களில் இடப்பக்கம் மகளிர் இருக்கை. ஆகவே திருச்சியின் மிகச் சிறந்த காட்சி பெண்களுக்கு உட்கார்ந்தபடி கிடைக்கிறது. ஆண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொள்ளலாம். எந்த மாதம் போகிறீர்கள் என்பதும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் அதன்பின் சில மாதங்கள் பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடும். மற்ற காலத்தில் மணலையும் நாணலையும் பார்க்கலாம். மணல் காவிரியும் காவிரிதான் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புரட்டாசியில் வந்து பாருங்கள்.

திருவானைக்கோவிலில் உச்சிக்கால பூஜைக்கு வந்துவிட வேண்டும் என்பதால்தான் அவசரப்படுத்தினேன். அகிலாண்டேஸ்வரி சந்நிதி அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் வைத்து, மேளதாளத்தோடு ஜம்புகேஸ்வரர் சந்நிதிக்கு நடந்து வருவார். அம்பாளே வந்து பூசிப்பதாக ஐதீகம். கடைசியில் பசுவுக்கும் பூஜை. இது தினமும் நடக்கிறது, பக்தி இல்லாதவர்களும் பார்க்க வேண்டியது. பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது இது. கருவறைத் தரையில் ஊற்றுநீர் கசிவதை விளக்கொளியில் காணலாம். சர் சி.வி. ராமன் 1888இல் பிறந்தது இந்த ஊரில்தான். சாப்பாட்டுக்கு முன்பே பசித்தால் பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட். அதற்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் நின்றுவிடுங்கள்.

மதியம் மூன்று மணிவரை சந்நிதிகள் அடைத்திருக்கும். கோயிலின் பெரிய மதில்களை ஒட்டிய நிழலில் நடக்கலாம். இல்லையென்றால் பேசாமல் ஓர் இடத்தில் உட்காரலாம். ஊர் பார்க்க வந்தவர்கள் சும்மா இருக்கக்கூடாது என்று சட்டமில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த பஸ்ஸில் சில நிமிஷம்தான். ராஜகோபுரத்தின் முன் இறங்கியதும் உடனே உள்ளே போகாதீர்கள். ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். 13 நிலை, 236 அடி. நானூறு ஆண்டுகள் போல இது அடித்தளத்தோடு நின்ற மொட்டைக் கோபுரம். அகோபில மடத்தின் 44ஆம் ஜீயர் எடுத்த முயற்சியில் 1987 மார்ச்சில்தான் முழுமை பெற்றது. கீழே கல்லுக்கும் மேலே சுதைக்கும் நடுவில் இருக்கிற கோடுதான் அந்த நானூறு வருஷம். பிறகு உள்ளே நடந்தால் ஒன்றை உணர்வீர்கள்: கோபுரங்கள் உள்ளே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். பெரியதுதான் முக்கியமானது என்ற எண்ணத்தோடு வந்தவருக்கு இங்கே கணக்கு தலைகீழ். ஏழு மதில்களில் வெளிப்பக்கத்தவை வீடும் கடையும் பள்ளிக்கூடமும் உள்ள தெருக்கள். கோயிலுக்குள் ஒரு ஊர் குடியிருக்கிறது. சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குளம்புக்குக் கீழே பாருங்கள். ஈட்டியோடு புலியைக் குத்தும் வேட்டைக்காரர்களின் முகம் அங்கேதான் இருக்கிறது. கோபுரங்களைப் பார்க்க மாடிக்கு அனுமதிச் சீட்டு உண்டு. மேலே விட்டால் ஏறுங்கள், தெற்கே மலைக்கோட்டை நிற்கும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஜூலை முதல் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போய்விட்டன. அங்கே இறங்கியதும் 'அண்ணே, திருவெறும்பூர் எது?' என்று கேட்டு டவுன் பஸ் ஏறுங்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் திருச்சி வரைக்கும் போகாமல் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

வைகுண்ட ஏகாதசியும் ஆடிப்பெருக்கும் மட்டும் வேண்டாம். அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் கூட்டம் தாங்காது, பஸ்ஸையும் வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போங்கள், ஜன்னல் சீட் கிடைக்கும்.