இலவச அணுக்கமும் நிலைத்த உரிமையும்: பெருந்தொற்றுக்கால மின்னூலகங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

கொரோனா பெருந்தொற்றால் 2020இல் நூலகங்கள் மூடப்பட்டபோது, மின்னூலகங்கள் பல தம் வளங்களைக் கட்டணமின்றித் திறந்தன. ஆய்வுலகம் இதனைப் பெரிதும் வரவேற்றது. எனினும், படிக்க இசைவளித்தலும் படிக்கும் உரிமையை நிலைநாட்டலும் வெவ்வேறானவை என்பதைப் பின்னிகழ்வுகள் உணர்த்துகின்றன.

அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ், தன்னிடமுள்ள அச்சுப்படி ஒன்றுக்கு மின்படி ஒன்று என்னும் அளவில் இரவல் அளித்துவந்தது. 2020 மார்ச் 24 அன்று 'தேசிய அவசரகால நூலகம்' என்னும் பெயரில் அவ்வரம்பைத் தளர்த்தி, ஏறத்தாழ 14 லட்சம் நூல்களைக் காத்திருப்பின்றி வழங்கத் தொடங்கியது. ஜூன் 1இல் நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. ஜூன் 16இல் திட்டம் முடிவுற்றது. வழக்கு அத்துடன் நிற்கவில்லை. முன்பிருந்த 'ஒன்றுக்கு ஒன்று' இரவல் முறையும் நியாயப் பயன்பாட்டுக்குள் அடங்காது என 2023இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. வழக்கின் விளைவாக 5 லட்சத்திற்கும் மேற்பட்ட நூல்கள் இரவலிலிருந்து நீக்கப்பட்டன. அவசரகாலத் தாராளம் இயல்புக்கால வசதியையும் இழக்கச் செய்தது.

ஹாத்திடிரஸ்ட் வேறு வழியை மேற்கொண்டது. உறுப்பு நூலகத்திலுள்ள அச்சுப்படிகளின் எண்ணிக்கைக்கேற்ப, அந்நூலகப் பயனர்க்கு மட்டும் மின்படி வழங்கியது. இம்முறை எச்சரிக்கையானது; ஆயின் நிறுவனம் சாராத ஆய்வாளருக்கு இதனால் பயனில்லை.

தமிழாய்வாளர்க்கு இவ்வழக்கு தொலைவிலுள்ள செய்தியன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005இல் தோன்றிய நூலகம் திட்டமும் பெருந்தொற்றுக்கு முன்பே திறந்திருந்தன. உரிமைக்காலம் முடிந்த நூல்களும், உரியோரின் இசைவு பெற்ற நூல்களும் அவற்றின் அடித்தளம். மரபுரிமையர்க்குத் தொகை வழங்கி நூல்களை நாட்டுடைமையாக்கும் தமிழ்நாட்டரசின் நடைமுறையும் இத்தகையதே. இவற்றை மூட எந்த வழக்கும் எளிதில் எழாது.

ஆனால் இவ்வடித்தளம் பழநூல்களுக்கே பெரிதும் துணைநிற்கிறது. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. ஆகவே கடந்த அரைநூற்றாண்டின் திறனாய்வு நூல்கள் பல, மறுபதிப்பின்றி அங்காடியிலும் கிடைப்பதில்லை. இணையத்திலும் முறையாகக் கிடைப்பதில்லை. இவ்விடைவெளியை நெருக்கடிக்கால அறிவிப்புகள் நிரப்பா. ஆசிரியர், மரபுரிமையர் ஆகியோரின் எழுத்துவழி இசைவை இயல்புக்காலத்திலேயே திரட்டுதல் வேண்டும். தமிழ்த்துறைகள் தாம் வெளியிடும் நூல்களுக்குப் பதிப்பிக்கும்போதே திறந்த உரிமம் வழங்கி இப்பணியைத் தொடங்கலாம்.