பட்டாசுத் தொழிலும் திருத்தந்தையின் சூழலியல் மடல்களும்: ஆமத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரிக்கவியலாதவையாகக் கொள்கிறது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூர் வட்டாரத்தில் இவ்விணைப்பு எளிதில் நிற்பதில்லை. மழை குறைந்த மானாவாரி நிலம் இது. பட்டாசுத் தொழில் வேரூன்ற அவ்வறட்சியே துணைநின்றது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தது. தில்லிக் குழந்தைகளின் நுரையீரலை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. தடையால் கூலி குறைந்தவரும் அதே மருந்தைக் கையால் அடைத்தவரும் ஒருவரே. இங்கே ஓர் அழுகுரலுக்குச் செவிசாய்த்தால் மற்றொன்று எழுகிறது.

மடல் இம்முரணை அறியாததன்று. சூழல் தாக்க மதிப்பீடு தொழில் திட்டத்துக்குப் பின் வரலாகாது, பணிச்சூழலும் உடல், மன நலமும் பற்றிய ஆய்வோடு அது இணைய வேண்டும் என்கிறது 183ஆம் பத்தி. 2012இல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட மாவட்டத்தில், மடலின் கூரிய பத்தி இதுவே எனலாம். 2023இல் வந்த ‘லவுதாத்தே தேயும்’ இக்கூர்மையைத் தொடரவில்லை. அதன் 10ஆம் பத்தி, வேலையிழப்பு அச்சத்துக்குப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறை உருவாக்கும் பணிகளை விடையாக வைக்கிறது. நிலக்கரித் தொழிலாளிக்கு அது பொருந்தலாம். திரி செருகும் பெண்ணுக்குப் பொருந்தாது. எனினும், காலநிலை மாற்றத்தாலேயே பலர் பிழைப்பை இழப்பதாக அதே பத்தி சுட்டுவது, மழை பொய்த்து ஆலைக்கு வந்த உழவரைத் தொடுகிறது. ஆலையையும் இழந்தால் அவர் எங்குச் செல்வார் என்ற வினாவை அது எழுப்பவில்லை.