பிள்ளைத்தமிழின் பொதுப்பருவங்களும் பாற்பருவங்களும்: குழந்தை வளர்ச்சி உளவியல் ஒப்பீட்டின் மீது ஒரு திறனாய்வு (ஆலங்காயம் வட்டாரப் பின்புலத்தில்)

ஆய்வுச் சுருக்கம்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைக் குழந்தை வளர்ச்சி உளவியலோடு பொருத்திக் காட்டும் போக்கு தமிழாய்வில் பரவலாகக் காணப்படுகிறது. முதல் ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொதுவாக அமைய, இறுதி மூன்று பருவங்கள் மட்டும் ஆண்பால், பெண்பால் எனப் பிரிகின்றன. ஒப்பீட்டாய்வுகள் இவ்விரு பகுதிகளையும் ஒரே தன்மையனவாகக் கொள்கின்றன. முன்னது குழந்தையின் உடல்வளர்ச்சியைக் கண்டு கூறுவது என்பதையும், பின்னது சமூகம் குழந்தைக்கு வகுத்தளித்ததைக் கூறுவது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாத ஒப்பீடு, பயிற்சியால் வந்ததை இயற்கை என மயங்கும் பிழைக்கு இடமளிக்கிறது. அப்பிழை ஏட்டளவில் நில்லாது பெண்ணுழைப்பின் மதிப்பையும் குறைக்கும் என்பது தோல் தொழில் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிள்ளைத்தமிழ், சிற்றில், கழங்கு, குழந்தை வளர்ச்சி, பால்வேறுபாடு, ஆலங்காயம், காலணித் தொழில்.

முன்னுரை

குழந்தையின் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் பருவங்களை அமைத்துப் பாடுதல் பிள்ளைத்தமிழ் மரபு எனப் பாட்டியல் நூல்கள் கூறும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலார்க்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை ஆண்பாற்குரியன. கழங்கு, அம்மானை, ஊசல், நீராடல் போன்றவற்றுள் மூன்று பெண்பாற்குரியன. இவ்வமைப்பைக் கொண்டு தமிழர் குழந்தை உளவியலை முன்னரே அறிந்திருந்தனர் எனக் கூறுவது ஆய்வேடுகளில் வழக்கமான முடிவாகிவிட்டது. அம்முடிவு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

பொதுப்பருவங்களும் உடல்வளர்ச்சியும்

பொதுப்பருவங்களைப் பொறுத்தவரை ஒப்பீட்டிற்கு வலுவான அடிப்படை உண்டு. செங்கீரை என்பது குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் நிலை. சப்பாணி என்பது அமர்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் நிலை. வருகை என்பது தளர்நடை இட்டு வரும் நிலை. இவை மூன்றும் கண்ணால் கண்டறியத்தக்க உடலியக்கங்கள்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2006-இல் வெளியிட்ட உடலியக்க வளர்ச்சி ஆய்வு, இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, பிடிமானமின்றி அமர்தல் முதல் தனியே நடத்தல் வரையிலான ஆறு நிலைகளை ஆராய்ந்தது. தனியே நடத்தலுக்குரிய கால எல்லை 8.2 முதல் 17.6 திங்கள் வரை என அது வரையறுத்தது. வருகைப் பருவத்திற்குப் பாட்டியல் மரபு குறிக்கும் பதின்மூன்றாம் திங்கள் இவ்வெல்லையின் நடுவே அமைகிறது. இதனினும் இன்றியமையாதது வேறொன்று. எடை, உயரம் ஆகியவற்றுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அளவுகோல்களை வகுத்த அந்நிறுவனம், உடலியக்க நிலைகளுக்கு இருபாலார்க்கும் ஒரே அளவுகோலையே வகுத்தது. தனி அளவுகோல் தேவைப்படும் அளவுக்குப் பால்வேறுபாடு காணப்படாமையே காரணம். அங்கன்வாடி மையத்தில் எடை குறிக்கும் வளர்ச்சி அட்டை ஆண்குழந்தைக்கு நீலமாகவும் பெண்குழந்தைக்கு இளஞ்சிவப்பாகவும் இருக்கலாம். குழந்தை எழுந்து நடக்கும் காலத்திற்கு அவ்வாறு இருநிறம் தேவையில்லை. பிள்ளைத்தமிழ் வருகைப் பருவத்தைப் பொதுவாக்கியது இவ்வகையில் சரியான கண்காணிப்பே ஆகும்.

காணும் கண்ணின் பால்வேறுபாடு

குழந்தையின் செயலில் வேறுபாடு இல்லாதபோதும் காண்பவர் கண்ணில் வேறுபாடு இருக்கும் என்பதை உளவியல் ஆய்வுகள் நிறுவியுள்ளன. 1976-இல் ஜான் கான்ட்ரியும் சாண்ட்ரா கான்ட்ரியும் ஒரே குழந்தையின் படக்காட்சியைப் பலருக்குக் காட்டினர். பெட்டிக்குள்ளிருந்து திடீரென எழும் பொம்மையைக் கண்டு குழந்தை அழும் காட்சி அது. ஆண்குழந்தை எனச் சொல்லப்பட்டவர்கள் அவ்வழுகையைச் சினம் என்றே பெரிதும் மதிப்பிட்டனர். பெண்குழந்தை எனச் சொல்லப்பட்டவர்கள் அச்சம் என்றனர்.

மாண்ட்ஷைன், அடால்ஃப், டாமிஸ்-லமொண்டா ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, பதினொரு திங்கள் குழந்தைகளைச் சரிவான பலகையில் தவழவிட்டது. எவ்வளவு சரிவைத் தம் குழந்தை கடக்கும் என்று தாயரிடம் முன்கூட்டியே கேட்கப்பட்டது. ஆண்மக்களின் தாயர் உள்ளதைவிட மிகுத்தும், பெண்மக்களின் தாயர் உள்ளதைவிடக் குறைத்தும் மதிப்பிட்டனர். தவழ்ந்த குழந்தைகளிடத்தோ பால்வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, பால்வேறுபாட்டை ஆராயும் எவரும் முதலில் வினவ வேண்டியது, கிடைத்த தரவு குழந்தையைப் பற்றியதா, குழந்தையைக் காண்பவரைப் பற்றியதா என்பதே. இவ்வினாவைப் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களிடமும் எழுப்புதல் வேண்டும்.

பாற்பருவங்கள்: காட்சியா, விதியா?

பதினேழாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரையிலான குழந்தை கழங்காடுவதும், அம்மானைக் காய்களை மாறிமாறி எறிந்து பிடிப்பதும் இயலாதன. முதல் ஏழு பருவங்களில் உடலோடு ஒட்டிச் சென்ற திங்கள் கணக்கு இங்கு உடலை விட்டு விலகுகிறது. கவிஞர் காண்பது கண்முன் உள்ள குழந்தையை அன்று. அக்குழந்தை சில ஆண்டுகள் கழித்து என்னவாக வேண்டும் எனச் சமூகம் விரும்புகிறதோ அதனையே.

இதற்குக் குமரகுருபரரின் இரு நூல்கள் நல்ல சான்று. பதினேழாம் நூற்றாண்டினரான அவர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழும் பாடினார். புலவர் ஒருவரே, இலக்கிய வகையும் ஒன்றே, பாட்டுடைத் தலைமக்களின் பால் மட்டுமே வேறு. ஏழு பருவங்கள் வரை இரு நூல்களும் ஒரே நெறியில் செல்கின்றன. எட்டாம் பருவத்திலிருந்து முருகன் சிற்றில் சிதைக்கவும், பறை முழக்கவும், தேர் உருட்டவும் செல்கிறான். மீனாட்சி அம்மானையாடவும், நீராடவும், ஊசலில் அமரவும் செல்கிறாள். உலகை வென்றவளாகப் போற்றப்படும் தடாதகைக்குக்கூட மரபு சிறுதேரை அளிக்கவில்லை. இவ்வேறுபாட்டைக் குழந்தையின் இயல்பிலிருந்து விளக்க இயலாது. பாட்டியல் விதியிலிருந்தே விளக்க இயலும்.

சிற்றில் பருவம் மேலும் நுணுகி நோக்கத்தக்கது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இப்பருவத்தைப் பேசுவோர் சிறுமியர். மணலில் வீடு கட்டுவோர் அவர்கள். சிதைப்பவன் பாட்டுடைத் தலைவன். கட்டும் செயல் பருவத்தின் பெயராகவில்லை. கட்டியதைச் சிதைக்க வேண்டா என இரத்தலே பருவமாகிறது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் ஆண்டாள் இதே சூழலைப் பாடும்போது, முதுகு நோவும்படி நெடுநேரம் இருந்து இழைத்த உழைப்பைச் சிறுமியர் வாயிலாகவே எடுத்துரைக்கிறார். சிற்றிலை ஆண்குழந்தையின் குறும்பு எனப் பொருள் கொள்ளும் ஒப்பீட்டாய்வுகள் அவ்வுழைப்பைக் காண்பதில்லை.

உளவியல் ஆய்வின் வரம்பு

பால்வேறுபாடுகள் அனைத்தும் வளர்ப்பால் வந்தவையே எனக் கூறுதலும் மிகைக்கூற்றாகும். விளையாட்டுப் பொருள்களைத் தேர்வதில் ஆண், பெண் வேறுபாடு இரண்டாம் ஆண்டிலேயே தெரியத் தொடங்குகிறது. கருவிலேயே ஆண்மை இயக்குநீர் மிகுந்து பெற்ற பெண்குழந்தைகள், ஆண்குழந்தைகள் விரும்பும் பொம்மைகளோடு கூடுதல் நேரம் விளையாடுவதைப் பெரன்பாமும் ஹைன்ஸும் 1992-இல் காட்டினர். பிள்ளைத்தமிழ் பிரியும் காலமும் இதனோடு ஒத்துள்ளது என ஒப்பீட்டாளர் வாதிடலாம். ஆயினும் விருப்பம் வேறு, திறன் வேறு. பொம்மையைத் தேர்வதில் உள்ள வேறுபாடு, கற்கும் ஆற்றலிலோ உய்த்துணர்விலோ வேறுபாட்டை நிறுவாது.

திறன்களைப் பற்றிய முடிவுகள் காலப்போக்கில் சுருங்கியே வந்துள்ளன. 1974-இல் எலினார் மக்கோபியும் கரோல் ஜாக்லினும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, மொழித்திறன், இடஞ்சார் திறன், கணிதத்திறன், வலுச்சண்டை மனப்பாங்கு ஆகிய நான்கில் மட்டுமே வேறுபாடு ஓரளவு நிறுவப்பட்டுள்ளது என்றனர். 2005-இல் ஜேனட் ஹைட் 46 தொகுப்பாய்வுகளை ஒருங்கே மதிப்பிட்டு, வேறுபாட்டளவுகளுள் 78 விழுக்காடு மிகச் சிறியவை அல்லது சுழியத்தை ஒட்டியவை எனக் கண்டார். இடஞ்சார் திறன் ஆண்பாற்குரியது என்னும் கருத்தைத் தமிழ்ச் சிறுமியரின் கழங்கே மறுவினவலுக்கு உட்படுத்துகிறது. மேலெறிந்த காய் கீழிறங்குமுன் நிலத்திலுள்ளவற்றை எண்ணி வாரி, எறிந்ததையும் ஏந்துதல் கண், கை, எண், இடம் ஆகிய நான்கையும் ஒருங்கிணைக்கும் பயிற்சி. மரபு அதனைத் திறன் என்று குறிக்காமல் பொழுதுபோக்கு என்று குறித்தது.

ஆலங்காயம் வட்டாரமும் நுண்விரல் கோட்பாடும்

ஏட்டிலுள்ள இப்பிரிவு வாழ்வில் என்ன விளைவை உண்டாக்கும் என்பதற்கு ஆலங்காயம் வட்டாரம் ஒரு சான்று. சவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த இப்பேரூர் முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை எனத் தொடரும் தோல் தொழில் வட்டாரத்தின் உள்நாட்டுப் பகுதி இது. இத்தொழிலில் வேலைப்பிரிவு பாலடிப்படையிலானது. தோல் பதனிடும் பிரிவுகளில் ஆடவர் மிகுதி. காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவில் மகளிர் மிகுதி. தையல் வேலைக்கு மகளிரைத் தேர்வதற்குச் சொல்லப்படும் காரணம் பெண்ணின் விரல் இயல்பாகவே நுண்மையானது என்பது.

ஏற்றுமதித் தொழில்களில் உலகெங்கும் சொல்லப்படும் இக்காரணத்தை டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981-இல் மறுத்தனர். விரல் நுண்மை பிறப்பில் வந்ததன்று. சிறுவயது முதல் வீட்டில் தைத்தும் பின்னியும் பெற்ற பயிற்சியே அது. அப்பயிற்சி வீட்டுக்குள் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் இயற்கை எனக் கருதப்படுகிறது. இயற்கை எனக் கருதப்படுவதால் தேர்ச்சிக்குரிய ஊதியம் மறுக்கப்படுகிறது. கழங்கும் அம்மானையும் பெண்குழந்தையின் இயல்பு என எழுதும் இலக்கிய ஆய்வும் இதே படிகளிலேயே ஏறுகிறது. கையில் தரப்பட்டதைக் கையின் இயல்பு என அது பெயர் மாற்றுகிறது.

காப்புப் பருவத்தின் பொதுமையும் இம்மண்ணில் மறுநோக்கிற்குரியது. இலக்கியத்தில் காப்பு இருபாலார்க்கும் பொது. வடஆர்க்காடு மாவட்டத்தின் கே.வி.குப்பம் ஒன்றியச் சிற்றூர்களில் சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், மில்லர் ஆகியோர் நடத்தி 1992-இல் வெளியிட்ட ஆய்வு பெண்சிசுக்கொலையைப் பதிவுசெய்தது. தெய்வக் குழந்தைக்கு மரபு அளித்த சமன்மையை, மக்கட் குழந்தைக்குச் சமூகம் அளித்ததாகக் கொள்ள இயலாது என்பதற்கு இதனினும் வன்மையான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

பிள்ளைத்தமிழின் பொதுப்பருவங்களைக் குழந்தை வளர்ச்சி உளவியலோடு ஒப்பிடுதல் தகும். அவை கண்டு கூறியவை. பாற்பருவங்களை அவ்வாறு ஒப்பிடுதல் தகாது. அவை வகுத்துக் கூறியவை. அவற்றை உளவியல் சான்றாகக் கொள்ளாது, எந்தக் குழந்தைக்கு எந்த விளையாட்டு அளிக்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்பதற்கான சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்வதே முறை.

இவ்வாய்வு ஏட்டோடு நின்றுவிடலாகாது. வேலூர் நகரம், குடல் நோய்த்தொற்று, ஊட்டக்குறைவு, குழந்தை வளர்ச்சி ஆகியவற்றை எட்டு நாடுகளில் ஆராய்ந்த பன்னாட்டுத் திட்டத்தின் இந்தியக் களமாக இருந்துள்ளது. உடலைப் பற்றிய அத்தகைய நெடுநாள் ஆய்வுக்கு இணையாக, விளையாட்டைப் பற்றிய களஆய்வும் இவ்வட்டாரத்தில் மேற்கொள்ளப்படலாம். ஆலங்காயம் போன்ற ஊரில் தாய் காலணித் தொழிற்சாலைக்குச் சென்றபின் தம்பியை இடுப்பில் ஏந்துவது எந்தக் குழந்தை, தெருவில் வண்டி உருட்டுவது எந்தக் குழந்தை, ஐந்தாங்கல் எந்த அகவையில் கைவிடப்படுகிறது, அதன்பின் அக்கையில் எது தரப்படுகிறது என்பவற்றைப் பதிவுசெய்தல் தமிழாய்வாளர்க்கும் உளவியலாளர்க்கும் பொதுவான பணி. அப்பதிவு கிடைக்கும் வரை, பெண்குழந்தையின் இயல்பு இதுவென எழுதும் வரியை ஆய்வேடுகள் தவிர்த்தல் நன்று.