கன்னம் தேர்ந்தெடுக்கும் துப்பாக்கி

இங்கிலாந்துத் துப்பாக்கிக் கடைகளில் நல்ல கடைக்காரரை அடையாளம் காண்பது எளிது. எடுத்த எடுப்பில் விலை பேசமாட்டார், கம்பெனிப் பெருமையும் பேசமாட்டார். தாங்கியிலிருந்து ஒன்றை எடுத்து, மேலே உள்ள லீவரைக் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளுவார். குழல்கள் கீழ்நோக்கி மடங்கும். இரண்டு தோட்டா அறையும் காலி என்று தானும் பார்த்து, வந்தவரையும் பார்க்க வைத்து, அதன் பிறகுதான் கையில் தருவார். அடுத்து அவர் சொல்வது புதிதாக வருகிறவருக்கு விசித்திரமாகப் படும். "கண்ணை மூடிக்குங்க. சுவரோட மேல் மூலையைப் பார்த்துத் தோளுக்கு ஏத்துங்க. ஏத்தின பிறகு கண்ணைத் திறங்க."

திறந்ததும் என்ன தெரிகிறது என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. குழலின் முதுகில் ஓடும் பட்டி நேராகத் தெரிந்து, அதன் நுனியிலுள்ள சின்ன மணி நட்டநடுவில் உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். பட்டி அளவுக்கு மேல் நீளமாகத் தெரிந்தால், தோளிலும் கன்னத்திலும் பதியும் மரக்கட்டை உயரம். பட்டியும் மணியும் மறைந்து லீவரின் முதுகு மட்டும் தெரிந்தால் கட்டை தாழ்வு. மணி ஒரு பக்கம் ஒதுங்கினால் கட்டையின் பக்கச் சாய்வு இந்த முகத்துக்கானதல்ல.

ரைபிளுக்குப் பின்குறி, முன்குறி என்று இரண்டு உண்டு. பறக்கும் தட்டைச் சுடும் ஷாட்கன்னில் முன்மணி ஒன்றுதான், பின்குறியின் வேலையைச் சுடுகிறவரின் கண்ணே செய்கிறது. கண் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கன்னம். கன்னத்துக்கு இடம் தருவது கட்டையின் மேல்விளிம்பு. கண்ணுக்கும் முன்மணிக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். அந்த விளிம்பு 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் கண்ணும் அவ்வளவு மேலே ஏறும், 35 மீட்டர் தொலைவில் சுடும் இடம் 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே போகும். களிமண் புறா என்று சொல்லப்படும் தட்டின் விட்டமே 11 சென்டிமீட்டர்தான். மூன்று மில்லிமீட்டர் மரம் ஒரு முழுத் தட்டின் அகலத்தை விழுங்கிவிடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தச்சுவேலையின் மேல் ஒரு பயபக்தி வரும்.

கட்டையின் நீளமும் அப்படித்தான். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரைக்கும் பதினாலரை அங்குலம் என்பது சராசரி ஆண்களுக்காகத் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் அளவு. ஜனவரிக் குளிரில் தடித்த கோட்டு போட்டுக்கொண்டு ஏற்றிப் பார்த்தால் நீளமாகத் தோன்றும் அதே துப்பாக்கி, ஜூலையில் சட்டையோடு ஏற்றும்போது குட்டையாகிவிடும். எந்த உடுப்பில் சுடப்போகிறோமோ அந்த உடுப்பில் கடைக்குப் போவது உத்தமம். அதற்கும் முன்னால் எந்தக் கண் தலைமைக் கண் என்று பார்த்துவிட வேண்டும். தூரத்துப் பொருள் ஒன்றை இரு கண்ணும் திறந்தபடி விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் பொருளைவிட்டு நகரவில்லையோ அதுவே தலைமைக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் தலைமையாக அமைந்தால், எவ்வளவு அருமையான துப்பாக்கி வாங்கினாலும் கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்ட வேண்டி வரும், இல்லாவிட்டால் இடத்தோளிலிருந்து சுடப் பழக வேண்டும்.

தட்டைப் பற்றி இரண்டு வரி. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து வார்த்தது, எடை 105 கிராம். உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து விட்டுச் சுட்ட காலம் போய், கண்ணாடிப் பந்துகளை எறிந்து சுட்ட காலமும் போய், 1880-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி தட்டு வடிவத்தைக் கொண்டுவந்தார். பந்து எறிந்தால் விழும், தட்டு சுழன்று மிதக்கும். அந்த மிதப்புதான் விளையாட்டையே மாற்றியது.

மிதக்கிற தட்டு மணிக்கு 40 மைல் வேகத்தில் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் தொலைவைக் கடக்க ரவைகளுக்குப் பத்தில் ஒரு விநாடி பிடிக்கும். அதற்குள் தட்டு ஒன்றே முக்கால் மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே தட்டைப் பார்த்துச் சுட்டால் தட்டு கிடைக்காது, தட்டு வரப்போகிற வெறும் காற்றைச் சுட வேண்டும். அதுவும் குழல் நகர்ந்துகொண்டே இருக்கும்போது சுட வேண்டும். விசையை இழுக்கும் கணத்தில் கை நின்றுவிட்டால் ரவைகள் பின்னால் போகும். புதியவர்கள் தவறவிடும் தட்டுகளில் பெரும்பாலானவை இப்படிப் பின்னால் சுட்டுத் தவறவிட்டவையே.

துப்பாக்கியின் எடைக்கு அர்த்தம் பிறப்பது இங்கேதான். கடையில் கையில் வாங்கியதும் ஆறரை பவுண்டுத் துப்பாக்கி ஆசையைக் கிளப்பும். பூவாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் லேசான குழல் சட்டென்று கிளம்புவதைப் போலவே சட்டென்று நின்றும்விடும். ஏழரை, எட்டு பவுண்டுத் துப்பாக்கி கிளம்பச் சற்று யோசிக்கும், கிளம்பிவிட்டால் கை தயங்கினாலும் தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். உதையும் அதில் குறைவு. ஒரே தோட்டா லேசான துப்பாக்கியில் தோளைக் கன்றிப்போகச் செய்யும், கனமானதில் ஒரு தள்ளலோடு முடிந்துவிடும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் முதல் துப்பாக்கியாக லேசான 20 போரை (போர் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சிறிது) வாங்கிக் கொடுப்பது கரிசனம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில், தூக்க முடிகிறவருக்கு அளவு பார்த்த 12 போரும் 21 கிராம், 24 கிராம் தோட்டாவும் அதைவிட நல்ல கரிசனம். குழல் நீளம் 30 அங்குலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், 28-உம் மோசமில்லை. 32 அங்குலத்துக்கு உயரமும் தோள்பலமும் வேண்டும்.

ஒலிம்பிக் ட்ராப் துப்பாக்கி தனிச் சாதி. நம்மவர்களுக்கு அதில் உறவு உண்டு. பிகானீர் மன்னர் கர்ணி சிங் 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றது ட்ராப்பில்தான். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருத்விராஜ் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறங்கியதும் அதில்தான். அங்கே தட்டுகள் 15 மீட்டர் முன்னாலிருக்கும் பள்ளத்திலிருந்து எழும்பி விலகி ஓடும். எழும்பும் தட்டுக்கு ஏற்றபடி துப்பாக்கியே சற்று மேலே சுடும்படி கட்டை உயர்த்திச் செய்யப்படுகிறது. ஆங்கிலேயர்கள் ஸ்போர்ட்டிங் என்று சொல்லும் ஆட்டத்தில் தட்டு தலைக்கு மேலும் வரும், முயல்போலத் தரையில் உருண்டும் ஓடும். உருண்டு ஓடுவதை ட்ராப் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தால் அதன் கட்டை ஏன் உயரம் என்று புரியும், ரவைகள் தட்டின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். முதல் துப்பாக்கிக்கு ஸ்போர்ட்டிங் ரகமே போதும்.

பக்கவாட்டில் இரட்டைக்குழல் கொண்ட பழைய பாணி அழகுதான், ஆனால் களிமண் தட்டுக்கு மேல்கீழ்க் குழல்தான் இன்றைய வழக்கு. ஒற்றைக் குழலின் அகலம் மட்டும் கண்ணில் படுவதால் தட்டை மறைக்காது. கீழ்க்குழலை முதலில் சுடும்படி அமைத்திருப்பார்கள். அது தோளின் நேர்க்கோட்டுக்கு அருகில் இருப்பதால் குழல்வாய் அதிகம் துள்ளாது, அடுத்த தட்டுக்குத் தயாராகவே நிற்கும்.

இந்த இடத்தில் இரண்டு பரம்பரைகள் பிரிகின்றன. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரௌனிங் தன் கடைசிப் படைப்பாக ஒரு மேல்கீழ்க் குழல் துப்பாக்கியை வரைந்துகொண்டிருந்தார். 1926 நவம்பரில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தொழிற்சாலையிலேயே அவர் உயிர் பிரிந்தது, மிச்ச வேலையை மகன் வால் முடித்தார். அதில் குழல்கள் திரும்பும் கீல் கீழ்க்குழலுக்கு அடியில், துப்பாக்கியின் நடு உலோக உடலான ஆக்‌ஷனின் முழு அகலத்துக்கும் ஓடும் ஒரே தண்டு. பூட்டும் நாக்கும் அடியிலேயே. எல்லாம் அடியில் இருப்பதால் ஆக்‌ஷன் ஆழமாகிறது. ஜப்பானின் மிரோகு துப்பாக்கிகள் இந்த வழியில் வந்தவை. மிரோகுவின் ஊர் கோச்சி. கேரளத்துக் கொச்சி அல்ல, ஷிகோக்கு தீவில் இருக்கும் கோச்சி. ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்கான பீரங்கிகளும் செய்த பட்டறை அது.

பெரெட்டா வேறு வழி பிடித்தது. வெனிஸின் படைக்கலச் சாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் செய்துகொடுத்த 1526-ஆம் ஆண்டுக் கணக்குச் சீட்டு அந்தக் குடும்பத்திடம் உண்டு, அன்று போலவே இன்றும் இத்தாலியின் கார்தோனேயில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய 686 என்ற துப்பாக்கியில் அடியில் தண்டே கிடையாது. ஆக்‌ஷன் சுவர்களின் உட்பக்கம் இரு சிறு குமிழ்கள், அவற்றில்தான் குழல்கள் திரும்புகின்றன. பூட்டுவதும் அடியிலல்ல. ஆக்‌ஷன் முகத்திலிருந்து கூம்பிய இரண்டு முளைகள் வெளியே வந்து மேல்குழலின் இரு பக்கமுள்ள வட்டக் குழிகளில் நுழைகின்றன. கூம்பாக இருப்பதால் தேயத் தேய இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். அடியில் ஒன்றும் இல்லாததால் ஆக்‌ஷன் மெலிந்து, குழல்கள் கைகளுக்கு நடுவே தாழ உட்கார்கின்றன. இரண்டையும் மாறி மாறித் தோளுக்கு ஏற்றினால் அந்தச் சில மில்லிமீட்டர் வேறுபாட்டை இடது உள்ளங்கை உடனே சொல்லிவிடும். பெரெட்டா துள்ளிக் கைக்கு வருகிறது, மிரோகு அமர்ந்து வருகிறது. என் மனம் மிரோகு பக்கம். துள்ளல் புதியவருக்கு வேண்டாத குணம் என்பது என் கட்சி, எதிர்க்கட்சிக்கு ஆள் பலம் அதிகம் என்பதும் தெரியும்.

குழல்வாயின் நெருக்கத்துக்குப் பெயர் சோக். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். வாயருகே அதில் ஒரு மில்லிமீட்டரைக் குறைத்தால் முழு சோக். அந்த ஒரு மில்லிமீட்டர் செய்யும் மாயத்தைப் பாருங்கள்: 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் வரைந்தால், நெருக்கமில்லாத குழல் தன் ரவைகளில் 40 சதவீதத்தை வட்டத்துக்குள் போடும், முழு சோக் 70 சதவீதத்தைப் போடும். கால் சோக் என்பது கால் மில்லிமீட்டர், 55 சதவீதம். 28 கிராம் தோட்டாவில் நானூறை ஒட்டிய ரவைகள் இருக்கும்போது அதுவே தாராளம். இப்போது வரும் துப்பாக்கிகளில் சோக்கைத் திருகி மாற்றலாம், பெட்டிக்குள் ஐந்து சோக் வரும். ஒவ்வொரு தட்டு தவறியதும் சாவியை எடுத்துத் திருகும் ஆட்களை எந்த மைதானத்திலும் பார்க்கலாம். இரண்டு குழலிலும் கால் சோக்கைப் போட்டுவிட்டுச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வருவது மன அமைதிக்கு நல்லது.

பழைய துப்பாக்கி வாங்குவதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது, ஏனென்றால் அது தன் வரலாற்றைத் தானே சொல்லும். மூடிய நிலையில் லீவர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதிதில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும், பூட்டு தேயத் தேய நடுவுக்கு வந்து, பிறகு இடப்பக்கம் சாயும். குழல்களுக்கு அடியில் கை தாங்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பிடியைப் பிடித்து லேசாக ஆட்டினால் தளர்ந்த கீல் கையில் தெரியும். முன்கட்டை மாட்டியிருந்தால் அது அழுத்திப் பிடித்துக் குறையை மறைத்துவிடும். குழல்களைத் தனியே கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் ஒளி வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வளையம் நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் குழலும் நசுங்கியிருக்கிறது. கடைசியாகக் காதுக்கு ஒரு சோதனை. குழல்களை அடிக்கொக்கியில் ஒரு விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்ட வேண்டும். இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டிகள் முழுக்கப் பற்றியிருந்தால் தெளிவான ஓசை எழுந்து சற்று நேரம் நிற்கும். பற்று எங்காவது விட்டிருந்தால் மொத்தென்று செத்த ஒலி. சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் பாட்டிக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

விசையில் ஒரு வேடிக்கை. பல துப்பாக்கிகளில் முதல் வேட்டின் உதைதான் விசையை இரண்டாம் குழலுக்கு மாற்றிவிடுகிறது. கடையில் போலித் தோட்டா போட்டு இழுத்துப் பார்க்கும்போது உதை இல்லாததால் இரண்டாம் இழுப்புக்கு ஒன்றும் நடக்காது. கெட்டுப்போன துப்பாக்கி என்று பதற வேண்டாம். குழல்வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்துக்கொண்டு கட்டையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

இன்னொன்றையும் இன்று பார்த்தே ஆக வேண்டும். ஈய ரவையைப் படிப்படியாக விலக்குவது என்று பிரிட்டன் முடிவெடுத்திருக்கிறது. அடுத்து வருவது பெரும்பாலும் இரும்பு ரவை. ஈயம் நசுங்கிக்கொடுக்கும், இரும்பு கொடுக்காது. உயர் அழுத்த இரும்புத் தோட்டாவுக்குச் சோதித்துத் தேறிய குழலில் ஒரு சின்ன லில்லிப்பூ முத்திரை குத்தியிருப்பார்கள். லண்டன், பர்மிங்ஹாம் சோதனைச் சாலைகளின் கிரீட முத்திரைகளோடு இந்தப் பூவும் இருக்கிறதா என்று ஒரு லென்ஸ் வைத்துத் தேடுவது வீண் வேலையல்ல. போலீஸ் தரும் சான்றிதழும், வீட்டில் பூட்டி வைக்க இரும்பு அலமாரியும் இதற்கெல்லாம் முன்பே ஆகியிருக்க வேண்டியவை.

மரத்தையும் செதுக்கு வேலையையும் கடைசியில் பார்ப்பதுதான் முறை, ஆனால் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. வால்நட் கட்டையில் புகை சுருண்டதுபோன்ற கருவரிகள் கன்னம் படும் பகுதியில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும், பிடியருகே மட்டும் ரேகை நேராகப் போக வேண்டும். உதை முழுதும் கட்டையின் மிக மெல்லிய இடமான அந்தப் பிடி வழியாகத்தான் தோளுக்குப் போகிறது, அங்கே ரேகை குறுக்கே ஓடினால் ஒரு நாள் விரிசல் விடும். ஆக்‌ஷனின் பக்கங்களில் செதுக்கியிருக்கும் இலைகளும் பறவைகளும் ஒரே ரகத்தில் படிக்குப் படி அடர்ந்துகொண்டே போகும், விலையும் அடர்ந்துகொண்டே போகும், உள்ளே இயந்திரம் பெரிதாக மாறியிருக்காது. எளிய படியை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் கட்டையைத் தன் முகத்துக்கு வளைத்துத் தரச் சொல்லலாம். சூடான எண்ணெயில் பிடியை இளக்கி, முளை வைத்து நெருக்கி, வேண்டிய மில்லிமீட்டர் வரை சாய்த்துத் தருகிற கைகாரர்கள் இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால் தோட்டா வாங்கலாம், பெட்டிக்கு 25.