மணிமேகலையில் துயர் தீர்க்கும் நெறி

இறந்தோர்க்கு இரங்கி அழுதல் மக்கட்கு இயல்பு. அழுவாரைத் தேற்ற முற்படுதலும் இயல்பே. ஆயினும் தேற்றுரையெல்லாம் தேற்றுவதில்லை என்பது இழவு வீட்டுக்குச் சென்று வந்தார் அனைவரும் அறிந்ததொன்று. எல்லாம் விதியின் செயல் என்பார் ஒருவர். அழுது ஆவதென்ன என்பார் மற்றொருவர். இவ்வுரைகள் பொய்யல்ல; எனினும் துயருற்றார் நெஞ்சில் இவை தங்குவதில்லை. மெய்யான சொல்லும் சிலவேளை பயனற்றுப் போவது ஏன்? எத்தகைய சொல், எத்தகையார் வாயினின்று பிறக்குங்கால் துயரைத் தணிக்கும்? இவ்வினாக்களைத் தமிழிலே ஆழ்ந்து ஆராய்ந்த காப்பியம் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையாகும்.

இக்காப்பியத்தின்மேல் நெடுங்காலமாகச் சுமத்தப்படும் குற்றம் ஒன்றுண்டு. 1898இல் உ. வே. சாமிநாதையர் இதனைப் பதிப்பித்த நாள் தொடங்கிக் கற்றோர் பலர் இதன் சொல்லழகைப் போற்றினர். ஆயினும், கதை சமயத்துக்கு அடிமையாயிற்று என்றும், இறுதிக் காதைகள் காப்பியத்தோடு ஒட்டாத தருக்க நூற் பகுதிகள் என்றும் குறை கூறுவாரும் உளர். இக்குறையில் ஓரளவு உண்மையுண்டு. இருபத்தேழாங் காதை பிற சமயத்தார் கொள்கைகளை வரிசையாகச் சொல்லிச் செல்கிறது; அங்கே சைவவாதிக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. இருபத்தொன்பதாங் காதையின் அளவை இலக்கணம் நியாயப்பிரவேசம் என்னும் வடநூலோடு நெருங்கிய ஒப்புமையுடையது. அதனைக் கவிதையெனப் படித்துச் சுவைப்பார் அரியர். எனினும் முப்பதாங் காதையை அவற்றோடு ஒருங்கு வைத்து ஒதுக்குதல் பொருந்தாது. அங்கே கொள்கையாகக் கூறப்படுவது முன்னரே கதையாக நிகழ்ந்துவிட்டது என்பதைக் காட்டலாம்.

அக்காதையில் அறவண அடிகள் துன்பத்துக்கு வேராக மூன்றனைச் சுட்டுகிறார். அவை பற்று, செற்றம், மயக்கம் என்பன. நிலையாமை முதலியவற்றை எண்ணுதல் பற்றுக்கு மருந்து. செற்றத்துக்கு மருந்து மைத்திரி, கருணை, முதிதை என்பன. அவை முறையே நட்புணர்வு, இரக்கம், பிறர் ஆக்கங்கண்டு மகிழ்தல் என்று பொருள்படும். கேட்டல், சிந்தித்தல், பாவித்தல், தெளிந்து காணுதல் ஆகியன மயக்கத்துக்கு மருந்து. ஆகவே அருள் ஒரு மருந்து. விழிப்புடைய நினைவு மற்றொரு மருந்து. இவ்விரண்டும் தனித்தனியே நில்லாமல் ஒன்றாய் இயங்குமிடத்தே துயர் தணிகிறது என்பதே சாத்தனார் காட்டும் நெறி.

நினைவு என்னும் சொல் ஈண்டுக் கருதற்பாலது. பௌத்த நூல்கள் 'சதி' என்று வழங்கும் பாளிச் சொல் வடமொழி 'ஸ்மிருதி'யின் திரிபாகும். நினைவு என்பதே அதன் முதற்பொருள். இலங்கைச் சிவில் சேவையில் இருந்து பின்னர்ப் பாளி அறிஞராய்ப் புகழ்பெற்ற றீஸ் டேவிட்ஸ் 1881இல் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தமைத்த சொல்லே இன்று உலகெங்கும் வழங்குகிறது. தமிழர்க்கும் இக்கருத்துப் புதிதன்று. வள்ளுவர் அருளுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தாற்போலப் பொச்சாவாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பொச்சாப்பாவது மறதி. உவகை மிகுதியால் தன்னையும் தன் கடமையையும் மறத்தலை அவர் அங்கே கடிந்தார். அளவிறந்த துயராலும் அம்மறதி நேரும் என்பதைச் சாத்தனார் ஓர் அரசியின் வாயிலாகக் காட்டுகிறார்.

அவ்வரசியின் கதைக்கு முன்னர் மணிமேகலை நடந்துவந்த வழியை நோக்குதல் வேண்டும். அவள் காப்பியத்துட் புகுவது கண்ணீரோடு. கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததை மாதவி சொல்லக் கேட்டு, தொடுத்துக்கொண்டிருந்த மாலைமேல் அவள் கண்ணீர் சிந்துகிறாள். அந்நீர் பட்டு மாலை தூய்மை கெட்டதெனக் கூறி, வேறு மலர் கொய்து வருமாறு மாதவி அவளை அனுப்புகிறாள். இச்சிறு செய்தி பொருள் பொதிந்தது. பிறர் துயர் கேட்டு உருகும் நெஞ்சம் அவளுக்கு இயல்பாகவே உண்டு. ஆயினும் அவ்வுருக்கம் இன்னும் ஒருவர்க்கும் பயன்படவில்லை. கையிலுள்ள பணியையும் அது கெடுத்துவிடுகிறது.

பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக ஏற்று வருந்துதல் வேறு, அத்துன்பம் நீங்குக என்னும் அருள் வேறு என்பதை இக்கால உளவியலாரும் கண்டுள்ளனர். ஒல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பிறர் துயரைத் தாமும் உணரப் பயின்றோர்க்கு மனவருத்தம் மிகுந்தது; பின்னர் அவர்களே அருளைப் பயின்றபோது அவ்வருத்தம் குறைந்து நல்லுணர்வு வளர்ந்தது. மாலையைக் கெடுத்த கண்ணீர் முன்னதைச் சேர்ந்தது. பின்னர் அவள் கையில் ஏந்தும் பாத்திரம் பின்னதைச் சேர்ந்தது.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது மணிபல்லவம். அதனை யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு என்று கொள்ளும் அறிஞர் உளர். நாக அரசர் இருவர் பொருத பகையைத் தணித்த பீடிகை அங்கே இருந்தது. இதனையொத்த வரலாற்றை மகாவம்சமும் நாகதீபத்தின்மேல் வைத்துக் கூறும். அப்பீடிகையைக் கண்டு மணிமேகலை பெற்ற பேறு தன் பழம்பிறப்பை நினைவுகூர்தல். முற்பிறப்பில் தான் இலக்குமி என்பதையும், தன்னைத் தொடரும் உதயகுமரனே அன்று தன் கணவனாயிருந்த இராகுலன் என்பதையும் அவள் உணர்கிறாள். நினைவு பிறந்த பின்னரே அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. நாடு திரும்பிய பின்னர் ஆதிரை இட்ட பிச்சையே அதில் விழுந்த முதல் உணவு. யானைத்தீ என்னும் தீராப்பசியால் வாடிய காயசண்டிகையின் நோய் அவ்வுணவால் நீங்குகிறது. பசித்திருப்பார்க்கு அறம் உரைத்தற்கு முன் சோறு இட வேண்டும் என்னும் முறையைப் புலவர் யாண்டும் தவறவிடவில்லை. சிறைக்கோட்டத்திலும் அவள் முதலிற் செய்வது கைதிகளின் பசி தீர்த்தலே. அதன் பின்னரே மாவண்கிள்ளியிடம் வேண்டி அச்சிறையை அறக்கோட்டம் ஆக்குகிறாள்.

எனினும் அருள் மட்டும் போதும் என்று புலவர் கூறவில்லை. உதயகுமரன் தன்னைப் பற்றுவான் என அஞ்சி மணிமேகலை காயசண்டிகையின் வடிவங் கொள்கிறாள். அவ்வடிவிலேயே நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டி, யாக்கையின் தளர்ச்சியை அவனுக்கு எடுத்துரைக்கிறாள். நோக்கம் நல்லது. ஆனால் தான் தாங்கிய வடிவுக்கு உரியவளின் கணவன் காஞ்சனன் வந்து காண்பான் என்பதை அவள் எண்ணிற்றிலள். தன் மனைவி தன்னை விடுத்து வேற்றானோடு உரையாடுகிறாள் என மயங்கிய அவன் உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். விழிப்பில்லா அருள் ஓர் உயிரைப் போக்கிற்று. மணிமேகலை உள்ளங் கலங்கிப் புலம்பி, உடலருகே செல்ல முற்படுகிறாள். கந்திற்பாவை தடுத்து நிறுத்தியபோது, அவனுக்கு நேர்ந்த இவ்விறப்புக்குக் காரணம் யாது எனக் கேட்கிறாள். அழுகையின் நடுவே காரணத்தை வினவும் இவ்வியல்பே பின்னர்ப் பிறரைத் தேற்றும் தகுதியை அவளுக்குத் தருகிறது.

இக்காப்பியத்தில் மகனை இழந்த தாயர் இருவர் வருகின்றனர். ஒருத்தி கோதமை. அவள் மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் பேய்மகளைக் கண்டு அஞ்சி இறந்தான். மகனுயிரைத் தருக, அன்றேல் தன்னுயிரைக் கொள்க என அவள் சம்பாபதித் தெய்வத்தை வேண்டுகிறாள். போன உயிர் மீளாது என்னும் தெய்வம், அதனை மெய்ப்பிக்கச் சக்கரவாளத்துத் தேவரையெல்லாம் அழைத்துச் சான்று சொல்ல வைக்கிறது. இப்பெயர் பாளி மரபிற் புகழ்பெற்ற கிசாகோதமியை நினைவூட்டும். சாவு நிகழாத வீட்டிற் கடுகு வாங்கி வருமாறு புத்தர் அவளை ஏவ, வீடுதோறும் சென்று தன்னைப் போன்றாரைக் கண்டு அவள் தானே தெளிந்தாள். சாத்தனாரின் கோதமையோ தேவர் சான்றைக் கேட்டாள். துயர் நீங்கினாள் என்கிறார் புலவர். ஆயினும் அடுத்துக் கூறப்படுவது, மகனை ஈமத்தில் இட்டுத் தானும் இறந்தாள் என்பதே. சான்று ஐயத்தைப் போக்கிற்று. வாழ்வதற்கு ஒரு வழியைக் காட்டிற்றில்லை.

மற்றொருத்தி உதயகுமரனின் தாய் இராசமாதேவி. அவளைத் தேற்ற முதலில் வருபவள் வாசந்தவை என்னும் முதியவள். போர்க்களத்தில் இறவாமை அரச குலத்துக்கு இழிவு, ஆதலின் மன்னன் முன் துயரைக் காட்டாதே என்பது அவள் கூறும் அறிவுரை. அரசி அவ்வாறே துயரை உள்ளடக்குகிறாள். அடக்கிய துயர் அழியவில்லை, செற்றமாய் மாறுகிறது. மணிமேகலையைச் சிறையினின்று விடுவித்துத் தன்பால் வைத்துக்கொண்டு, பித்தேறும் மருந்து ஊட்டுகிறாள். கயவன் ஒருவனை ஏவுகிறாள். உணவின்றிப் புழுக்கறையில் அடைக்கிறாள். துயரை மறைக்கச் சொல்லும் தேற்றுரை என்ன விளைவைத் தரும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. மணிமேகலைக்கோ அம்மருந்தால் அறிவு திரியவில்லை. பழம்பிறப்பை உணர்ந்தவள் ஆதலின் அவள் தன்னை மறந்திலள் என்று புலவர் காரணம் கூறுகிறார். நினைவு ஈண்டுக் காவலாய் நின்றது.

அஞ்சி அடிபணிந்த அரசியை மணிமேகலை வெறுத்தாளில்லை. 'எல்லாம் பொய்' எனத் தத்துவம் பேசவும் தொடங்கினாளில்லை. நீ அழுதது மகனின் உடலுக்கோ உயிருக்கோ என்று வினவுகிறாள். உடலுக்கெனின், அதனைச் சுடுகாட்டில் இட்டவர் யாவர்? உயிருக்கெனின், அது வினைவழிச் சென்று புக்க இடத்தை அறிதல் ஒண்ணாது. அவ்வுயிர்மேல் அன்புண்டெனின் எவ்வுயிர்க்கும் இரங்குதலே தக்கது. இவ்வினா அரசியின் துயரை மறுக்கவில்லை. 'யாருக்காக அழுகிறேன்' என அவளே தன் துயரை உற்று நோக்கச் செய்கிறது. நோக்கியபோது துயருள் இருந்த அன்பு வெளிப்படுகிறது. மகன் ஒருவன்மேல் மட்டும் இருந்த அன்பு உயிர்கள் பலவற்றின்மேற் செல்ல வழி பிறக்கிறது. மயக்கத்துக்கு மருந்தான நினைவும் செற்றத்துக்கு மருந்தான அருளும் ஒரே வினாவில் அமைந்தன. முப்பதாங் காதையின் கொள்கை இருபத்துமூன்றாங் காதையிலேயே உயிர்பெற்று நடந்துவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

இதன்மேல் ஒரு தடை எழும். மகனை இழந்தாளிடம், அவன் முன்செய்த வினையே அவனைக் கொன்றது என்று கூறுதல் அருளாகுமா? முற்பிறப்பில் இராகுலன், கால் தவறி விழுந்த மடையன் ஒருவனை வாளால் எறிந்தான். அதன் பயனே இவ்விறப்பு என்பது காப்பியத்தின் விடை. நலமுற்றிருப்பவர் ஒருவர் துயருற்றாரிடம் இவ்வாறு கூறின் அது கொடுமையே. சாத்தனார் இதனை உணர்ந்தே அவ்வுரையை மணிமேகலையின் வாயில் வைத்தார். பாம்பின் நஞ்சால் இராகுலன் இறந்தபோது தீயிற் புகுந்தவள் அவள். உதயகுமரனுக்காக அம்பலத்தில் அழுதவளும் அவளே. அரசியின் துயரும் அவள் துயரும் ஒருவனைப் பற்றியவை. தெளிந்த அரசி தொழுதபோது, நீ என் கணவனின் தாய், காவலனின் தேவியுமாவாய், நீ என்னைத் தொழுதல் தகாது எனக் கூறி மணிமேகலை எதிர் வணங்குகிறாள். தன்னைக் கொல்ல முயன்றவளை வணங்கும் அவ்வணக்கம் இல்லையெனின், முன் நிகழ்ந்த உரை வெறுந் தருக்க வெற்றியாய் முடிந்திருக்கும்.

மேலைநாட்டு மருத்துவம் இந்நெறியின் ஒரு கூற்றை அண்மைக் காலத்தில் ஏற்றுக்கொண்டது. ஜோன் கபட்-சின் என்பார் 1979இல் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நீங்கா நோவும் மனநெருக்கீடும் உடையார்க்கு நினைவுப் பயிற்சியை அளிக்கத் தொடங்கினார். எட்டு வாரப் பயிற்சியாக அமைந்த அம்முறை பின்னர்ப் பல நாடுகளிற் பரவிற்று. நோவினின்று ஓடாமல், அதனோடு பொராமல், அதனை உள்ளவாறு நோக்குதல் அதன் அடிப்படை. நன்மை பயக்கும் இப்பயிற்சி, தன் அமைதியை மட்டும் நாடும் கலையாய்ச் சுருங்கிவிடுதலும் கூடும். மணிமேகலையின் கதை அவ்வாறு சுருங்க இடந்தருவதில்லை. தன்னை நினைந்தவள் கையில் உடனே ஒரு பாத்திரம் வருகிறது. அப்பாத்திரம் பிறர் பசிக்கு உரியது.

ஆகவே மணிமேகலையைச் சமயச் சார்பு பற்றி ஒதுக்குவார் இழப்பது சிறிதன்று. பிறப்பு, வினை என்பன பற்றிய அதன் கொள்கைகளை ஏற்பினும் ஏலாவிடினும், மூவகைத் தேற்றுரைகளை அது அருகருகே வைத்துக் காட்டும் திறம் மறுக்கவொண்ணாதது. சம்பாபதி மெய்ம்மையை நிறுவினாள். வாசந்தவை மானத்தை நினைவூட்டினாள். மணிமேகலை வினாவினாள், வணங்கினாள். முதலாமவள் தேற்றிய தாய் இறந்தாள். இரண்டாமவள் தேற்றிய தாய் பகைகொண்டாள். அவ்விரண்டாந் தாயே மூன்றாமவளால் பகை நீங்கி வாழ்ந்தாள்.