பத்துக்குப் பத்து அறையில் ஃபால்ஸ் சீலிங்

விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல் பக்கம் புது வீட்டில் பால் காய்ச்சும் விசேஷத்துக்குப் போகிறவர்கள் இப்போது உள்ளே நுழைந்ததும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். வரவேற்பறையில் மூன்று அடுக்கு ஜிப்சம், நடுவில் வட்டம், வட்டத்தைச் சுற்றி ஒளிந்திருக்கும் மஞ்சள் விளக்கு. பெரிய அறைக்கு அது பொருந்தலாம். அதே வடிவத்தைச் சுருக்கிப் பத்துக்குப் பத்து படுக்கையறைக்குள் கொண்டுபோய்ப் பொருத்துவதுதான் என்னை உறுத்துகிறது.

அதில் நன்மை இல்லாமல் இல்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் தளம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கட்டிலில் படுத்திருப்பவர் முகத்தில் அனலைக் கக்கும். இடையில் ஒரு பலகையும் நாலு அங்குலக் காற்றும் இருந்தால் அந்த அனல் நேரே இறங்காது. தளத்தைச் சுரண்டாமல் வயர் இழுக்கலாம். ஏசி போட்ட அறையில் குளிர வேண்டிய காற்றின் அளவும் குறையும்.

தீயைப் பற்றி, பட்டாசு செய்யும் இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பலகை வாங்கும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதன் படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். சூடேறினால் அது ஆவியாகி வெளியேறி, நெருப்பு மேலே பரவுவதைக் கொஞ்ச நேரம் தடுக்கும். பிவிசி பலகையோ எரிந்தால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் அமிலப் புகையைக் கொடுக்கும். தண்ணீர் பட்டாலும் கெடாது என்பதற்காகக் குளியலறையில் பிவிசி போடலாம். குழந்தைகள் தூங்கும் சின்ன அறைக்கு வேண்டாம்.

வடிவத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது உயரம். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது 9 அடி உயரம் கேட்கிறது. ஏசி அறை என்றால் மட்டும் ஃபால்ஸ் சீலிங்கின் அடிவரை 2.4 மீட்டர், ஏறக்குறைய 8 அடி, இருந்தால் போதும் என்று விடுகிறது. வடிவமைப்பாளர்கள் பிடித்துக்கொள்வது இந்த 8 அடியைத்தான். ஆனால் கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏசியை ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, மீதி ராத்திரி ஃபேனில் தூங்குகிற வீடுகள் நம்முடையவை. ஃபேன் இறக்கைக்கு மேலே ஒரு அடியாவது இடம் இருந்தால்தான் காற்றை இழுத்துக் கீழே தள்ளும். 9 அடித் தளத்தில் அரை அடி இறக்கி சீலிங் போட்டால் இறக்கை ஏழரை அடிக்கு வந்துவிடும். நல்ல உயரமான ஆள் பனியனைக் கழற்றக் கையைத் தூக்கினால் விரல் அதன் பக்கத்தில் போய் நிற்கும். கட்டில்மேல் ஏறிக் குதிக்கும் பிள்ளையைச் சொல்லவே வேண்டாம். பயந்து ஃபேனை மேலே ஏற்றினால் காற்று வராது. உயரம் மட்டுமல்ல, இடமும் போகிறது. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டிய வீடு மொத்தமே 360 சதுர அடிதான். அந்த அளவு வீடுகளில் பரண் என்பது சாமான் வைக்கும் ஒரே இடம். சீலிங் முதலில் விழுங்குவது அதைத்தான்.

இதைவிடப் பெரிய குறை, அது மறைக்கிறது என்பது. பட்டாசு ஆலையில் மருந்து புழங்கும் அறையின் உட்புறம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் வெடிபொருள் விதிகள் கறாரானவை. இரும்பு வெளியே தெரியக் கூடாது, பெயர்ந்து விழும் துகள் இருக்கக் கூடாது. அங்கே தளத்துக்கு அடியில் இன்னொரு மறைப்பைக் கட்டி நான் பார்த்ததில்லை. மேலே என்ன நடக்கிறது என்பது தெரிந்தாக வேண்டிய இடம் அது. அங்கே வேலை பார்த்துவிட்டு வருகிறவர் வீட்டில், காசு கொடுத்துத் தளத்தை மூடி வைக்கிறோம்.

திருத்தங்கலில் உறவுக்காரர் வீடு. ஐப்பசி மழை முடிந்தபின் படுக்கையறை சீலிங்கின் ஓரத்தில் தேநீர்க் கறைபோல ஒரு வளையம். வெள்ளையடித்தால் போய்விடும் என்று இருந்தார்கள். தை மாதம் எலக்ட்ரீசியன் ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும் பலகை மாவாக உள்வாங்கியது. திறந்து பார்த்தால், துருப்பிடித்து உப்பிய கம்பி தளத்திலிருந்து தள்ளிவிட்ட காங்கிரீட் சில்லுகள் உள்ளங்கை அகலத்தில் ஏழெட்டு, பலகைமேல் அப்படியே கிடந்தன. பக்கத்திலேயே டேப் பிரிந்த வயர் இணைப்பு. கீழே படுக்கை. மூடாத தளமாக இருந்தால் முதல் ஈரத்திலேயே தெரிந்திருக்கும்.

வெக்கைதான் பிரச்சினை என்றால், பணம் தளத்துக்கு மேலே போக வேண்டும் என்பதுதான் என் கருத்து. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதித்து, வெள்ளை பூசும் முறை நம் கொத்தனார்களுக்குக் கைவந்தது. அது வெயிலையும் மழையையும் தளத்தைத் தொடவிடாமல் நிறுத்தும். கீழே தொங்கும் பலகை, தளம் சூடான பிறகுதான் வேலை பார்க்கிறது. அழகுக்குத்தான் என்றால் சின்ன அறைக்கு ஒரே மட்டம், ஒரே வெள்ளை போதும். மரநிறப் பட்டைகளும் அடுக்குகளும் அறையை இன்னும் தாழ்த்திக் காட்டும்.

திருத்தங்கல் வீட்டில் மறுபடி வேலை நடந்தபோது நடுப்பகுதியை மூடவில்லை. கம்பியைத் தேய்த்துப் பூசி, தளத்தை அப்படியே விட்டு, ஃபேன் பழைய கொக்கிக்கே போனது. வயர் ஓட இரண்டு சுவர் ஓரமாக மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்கு ஜிப்சம். அதில் ஓர் இடத்தில் சதுரமாக வெட்டி, ஸ்க்ரூ அடித்து மூடப் போனார் மேஸ்திரி. “வேண்டாம்ணே, கீல் போட்டுக் கையால திறக்கிற மாதிரி வைங்க” என்று வீட்டுக்காரம்மா சொன்னார். ஒவ்வொரு மழைக்கும் அதைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்க்கிறார்.