பழைய கற்பனை விளையாட்டுகளில் கவசத்தின் கணக்கு

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மீது ஓயாமல் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. இரும்புத் தகடு பூண்டவன் அடிக்கு விலகி ஓடுவதில்லை. அடி அவன்மேல் விழத்தான் செய்யும், காயம்தான் குறையும். இந்த விளையாட்டிலோ கவசம் கனக்கக் கனக்க அடி படும் வாய்ப்பே குறைகிறது. போர்க்கருவி அறியாதவர் எழுதிய விதி இது என்கிறார்கள். விதியின் எண்களைப் போட்டுப் பார்த்தால் இந்தக் குறை நிற்காது.

அந்த விதிப்படி வெறும் உடம்போடு நிற்பவனின் 'ஆர்மர் கிளாஸ்' என்னும் காப்பு எண் 9. தகட்டுக் கவசமும் கேடயமும் உள்ளவனுக்கு 2. எண் இறங்க இறங்கக் காப்பு ஏறும். தொடக்கநிலை வீரன் இருபது முகப் பகடையை உருட்டினால், முன்னவன்மேல் அடி பட 10, பின்னவன்மேல் பட 17, அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்குகிறது. அன்று எந்த ஆயுதமானாலும் சேதத்துக்கு ஓர் ஆறுமுகப் பகடைதான், சராசரி 3.5. எனவே ஒரு வீச்சுக்குச் சராசரி இழப்பு வெற்றுடம்புக்கு 1.9, கவசத்துக்கு 0.7. கவசதாரி ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் தாங்குகிறான். 'காயம் குறைய வேண்டும்' என்று கேட்டவர்களுக்கு வேண்டியதும் இதுதானே! சேதத்திலிருந்தே நேராகக் கழித்தால் என்ன ஆகும்? மூன்றைக் கழித்தால் பாதி அடிகள் வீண். ஐந்தைக் கழித்தால் பகடையில் ஆறு விழும்போது மட்டும் ஒரு புள்ளி போகும். தோல், சங்கிலி, தகடு, கேடயம் என எட்டுப் படிகளை ஆறு முகங்களில் அடைக்க முடியாது. இருபது முகங்களில் படிக்கு ஐந்து விழுக்காடாக அவை இயல்பாக அமர்கின்றன.

ஸ்டீவ் பெரின் முன்னின்று உருவாக்கிய 'ரூன்குவெஸ்ட்' 1978இல் கவசம் சேதத்தை உறிஞ்சும் முறையைச் செம்மையாகச் செய்துகாட்டியதே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அங்கே அடிப்பதற்கு ஓர் உருட்டல், தடுப்பதற்கு இன்னொன்று, எந்த உறுப்பில் பட்டது என்பதற்கு மற்றொன்று. அதன் பிறகே அந்த உறுப்பின் கவசம் கழிகிறது. இருவர் மோதலுக்கு அது அருமை. பத்துப் பூதங்கள் பாய்ந்து வரும் குகையில் அந்த நுட்பத்துக்கு நேரத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். மேலும், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் பிந்தைய 'அட்வான்ஸ்ட்' பதிப்பில் ஒரு சண்டைச் சுற்று என்பது ஒரு நிமிடம். அங்கே பகடை கேட்பது 'வாள் தொட்டதா' என்றல்ல, 'இந்த நிமிடத்தில் காயம் பட்டதா' என்று.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 1971இல் வந்த 'செயின்மெயில்' போர் விதிகளின் தனிநபர்ச் சண்டைப் பட்டியலில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒவ்வொரு கவசத்துக்கும் எதிராகத் தனி எண் இருந்தது. தகட்டுக்கு எதிராகக் கதைக்கும் கத்திக்கும் ஒரே மதிப்பு இல்லை. இருபது முகப் பகடை முறை அந்த வேறுபாட்டை அழித்தது. 1975இல் அதைத் திருத்த எண்களாக மீட்டார்கள். பல குழுக்கள் அந்தப் பட்டியலைத் திரும்பிப் பார்க்காமலே ஆடின. இதைவிடப் பெரிய பிழை, உடல் சுறுசுறுப்பையும் இரும்பையும் ஒரே எண்ணில் கலந்தது. துள்ளி விலகும் திருடனும் அசையாத தகட்டு வீரனும் ஒரே எண் பெறலாம். தொட்டாலே கொல்லும் மந்திரக் கைக்கு முன் இருவரும் சமம் ஆகிவிடுகிறார்கள். இதற்கு விடையாக, 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, கவசத்தையும் கேடயத்தையும் சேர்க்காமல் 'டச்' தாக்குதலுக்கென்று தனி ஆர்மர் கிளாஸ் ஒன்றை வகுத்தது.